எதிரியின் முகம்

நண்பர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து 'காஸாபிளாங்கா' (1942) பார்த்த இரவில், நாஜி அதிகாரி மேஜர் ஸ்ட்ராஸர் சுடப்பட்டு விழுந்தபோது கைதட்டினோம். அவ்வேடத்தில் நடித்தவர் கான்ராட் ஃபைட் என்பதும், 'டாக்டர் கலிகரி'யில் (1920) உறக்கத்தில் நடமாடிய செஸாரேயும் அவரே என்பதும் பிறகுதான் தெரிந்தது.

1893இல் பெர்லினில் பிறந்தவர். அவர் யூதர் அல்லர். மனைவி இலோனா யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், தாய்நாட்டில் பெற்றிருந்த பெரும்புகழை விட்டு மனைவியுடன் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1939இல் பிரிட்டிஷ் குடிமகனானார். பின்னர் ஹாலிவுட் சென்றார். அங்கே அவரது ஜெர்மானிய உச்சரிப்பைத் தேடி வந்த வேடங்களுள் பல, எவர்களை வெறுத்து நாட்டைத் துறந்தாரோ அவர்களுடையவை.

மறுமுறை பார்த்தபோது ஸ்ட்ராஸரைக் கூர்ந்து கவனித்தோம். அவர் கூச்சலிடுவதில்லை. பண்போடு புன்னகைக்கிறார், நம்மை அஞ்ச வைப்பது அந்தப் பண்புதான். அதிகாரத்தின் அந்த முகத்தை அருகிலிருந்து கண்டவருக்கே அது கைகூடும் என்று எண்ணினோம்.

1943 ஏப்ரல் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், தம் ஐம்பதாவது வயதில், மாரடைப்பால் இறந்தார். ஹிட்லரின் வீழ்ச்சிக்கு இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. அன்று நாங்கள் எழுப்பிய கைதட்டலை அவர் விரும்பியே இருப்பார் என்று தோன்றுகிறது.