பம்பருக்கு எண்ணெய்க் குளியல்

மனுஷனுக்கு வயசாவது காதோர நரையில் தெரியும். காருக்கு பம்பரில். இஞ்சின் கிண்ணென்று இருக்கும், பெயின்ட்டும் தேவலை. கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் விபூதி பூசினாற்போல வெளுத்துக் கிடக்கும்.

எங்கள் வீட்டு மாருதி 800-க்கும் அதே கதிதான். அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் 2009-ல் வாங்கியது. 2024-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தபோது, "பேசாம எடைக்குப் போட்டுடலாம்" என்றான் அண்ணன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. சரியென்று ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். அப்படியே முகத்தையும் கொஞ்சம் திருத்திவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் தெரியும், பிளாஸ்டிக் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் அதன் மேல் தோலை அரித்துவிடும். விரலால் தேய்த்தால் சாம்பல் ஒட்டுவது அதனால்தான். மேலே ஒரு பாதுகாப்புக் கோட்டிங் கொடுத்தால் தாங்கும். ஆனால் சார், கோட்டிங் பூசுவது அரை மணி வேலை. அதற்குத் தயார் செய்வது அரை நாள். தாலி கட்ட எவ்வளவு நேரம், பந்தல் போட எவ்வளவு நேரம்? அந்தக் கணக்கு.

கோட்டிங்குக்கு முதல் விரோதி எண்ணெய். அப்பாவோ ஞாயிறு தவறாமல் பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவர். தடவினால் அன்றைக்குக் கன்னங்கரேல். நாலு மழையில் போயே போச்சு. ஆனால் சொரசொரப்பில் இருக்கிற குழிகளில் மட்டும் தூசியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதலில் கார் ஷாம்பு. அப்புறம் பிசுக்கு எடுக்கிற கிளீனரை, பாட்டிலில் போட்டிருந்த அளவுக்குத் தண்ணீர் கலந்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தேன். பழுப்பு நுரை வழிந்தது. வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏண்டா, நான் பதினஞ்சு வருஷமா போட்டது உனக்கு அழுக்கா?"

பிரஷ் நின்றுவிட்டது.

"நீங்க போட்டதாலதாம்பா இன்னும் வெடிக்காம இருக்கு" என்றேன். விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

போதுமான அளவு தேய்த்தாச்சா என்று பார்க்கத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். தாமரை இலையில் போல முத்து முத்தாக நின்றால் எண்ணெய் பாக்கி. சமமாகப் பரவினால் சரி. எனக்கு மூன்று ரவுண்டு ஆயிற்று. மூன்றாவதில் அப்பாவே ஒரு பழைய டூத் பிரஷ்ஷோடு வந்து, நம்பர் பிளேட் இடுக்கில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். இடுக்கில் ஒளிந்திருக்கும் தண்ணீர், பூசும்போது பார்த்து வழிந்து காலை வாரும். கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒரு துடைப்பு. செல்போன் ரிப்பேர்க்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அது. "எதுக்கு சார், தின்னர் போட்டு அடிங்க" என்று யோசனை சொல்ல ஒருவர் வருவார். தின்னர் பக்கத்துப் பெயின்ட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், பம்பர் சூடு ஆறினதும், கண்ணில் படாத மூலையில் துளி பூசிப் பார்த்து, அப்புறம் மெல்லிசாக மற்ற இடம். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை எதிர் வீட்டுப் பையன் ஹோஸ் பைப்பும் கையுமாக வாசல் கழுவ வந்தான். அப்பா குடையை விரித்துப் பிடித்தபடி பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.