கீரைப் பாத்தியும் 25 நாள் கணக்கும்

கீரையின் ஆயுள் குறுகியது. முளைக்கீரையை விதைத்த 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடலாம். பூச்சியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலிருந்துதான் விடை தேட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் வறிய பெண், குப்பையில் தானே முளைத்த வேளைக்கீரையைக் கொய்து சமைக்கிறாள். அவளுக்குப் பசிதான் கவலை. ஒரே கீரையை நெருக்கமாக விதைத்து வளர்ப்பவர்களுக்கோ, பூச்சிகளுக்கு விருந்து வைத்துவிட்ட கவலையும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் மொட்டைமாடிப் பாத்திக்கு முதலில் வந்தவை கூடுகட்டும் புழுக்கள். பழுப்புச் சிறகில் வெண்பட்டை கொண்ட சிறு அந்துப்பூச்சி இலையில் முட்டையிடுகிறது. வெளிவரும் பச்சைப்புழு இலைகளை நூலால் பிணைத்து, உள்ளே ஒளிந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டுகிறது. எஞ்சுவது சல்லடை போன்ற மெல்லிய தோல்.

உரக்கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். "ரெண்டு மூடி ஊத்தி அடிங்க சார், மறுநாளே ஒண்ணும் இருக்காது" என்றார். நாங்கள் வாங்கவில்லை. வீட்டில் எண்பதைக் கடந்த அம்மா இருக்கிறார். பல் இல்லாத அவருக்குப் பெரும்பாலான நாள்களில் மசித்த கீரையும் குழைந்த சோறும்தான் உணவு. பூச்சிமருந்து எதுவாயினும், தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. மாமரம் காத்திருக்கும். 18-ஆம் நாளில் புழு விழுந்த கீரைக்கு அந்த அவகாசம் ஏது? ஓட்டை விழுந்த கீரை நஞ்சற்றது என்று சந்தையில் சொல்வார்கள். அதுவும் சான்றாகாது; புழு தின்ற பிறகும் மருந்து அடித்திருக்கலாம். காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளிப்பதை இந்திய அரசு தடை செய்ததே 2005-இல்தான்.

ஆகவே, நாங்கள் நம்பியிருப்பது காலை நேரத்துப் பார்வையை. பிணைந்த இலைகளைக் கண்டதும் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். இலையின் அடியில் அசுவினி அப்பியிருந்தால் நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அங்கே கருநிறத்தில், செம்மஞ்சள் புள்ளிகளோடு நீண்ட உடல் கொண்ட புழு ஊர்ந்தால் நசுக்கிவிட வேண்டாம். அது பொறிவண்டின் குழந்தை. அசுவினியே அதன் உணவு.

இவற்றை மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கிறோம். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும். வேம்பு உடனே கொல்வதில்லை. புழுவைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கிறது. பறிப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லையெனில் குழம்பு கசக்கும்.

அதற்கும் அடங்காத பாத்தியை மொத்தமாகப் பிடுங்கி அப்புறப்படுத்தி, மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுகிறோம்; கூட்டுப்புழுக்கள் மண்ணில்தான் இருக்கும். பிறகு மறுபடியும் விதைப்பு. இழப்பு ஒரு சிட்டிகை விதையும் சில வாரங்களும். கீரையின் குறுகிய ஆயுள் இங்கே நமக்குச் சாதகம்.

கீரை ஆய்வதை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பார்வை மங்கிவிட்டது, விரல்களால் தடவித்தான் ஆய்கிறார். சுருண்ட இலையையும் அதனுள் நெளியும் புழுவையும் அந்த விரல்கள் கண்டுகொள்கின்றன. புட்டியிலிருந்து வந்திருக்கக்கூடியதை அவற்றால் கண்டுகொள்ள இயலாது.