தாத்தாவின் வரவுக் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு ஐசியூவில் என்ன வேலை என்கிறீர்களா? தாத்தாவுக்குத் தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் வைத்து இது ஐந்தாவது வாரம். மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எடை 60 கிலோ. கிலோவுக்கு 25 கலோரி வீதம் நாளைக்கு 1500 கலோரி. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி என்பதால் 1500 மில்லி. மணிக்கு 75 மில்லி, 20 மணி நேரம்.

பார்க்க விடும் நேரத்தில் சார்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். (ஆடிட்டிங் பேப்பரில் அரியர் வைத்தவன் நான்!) ஸ்கேனுக்கு நிறுத்தம், டியூப் மாற்ற நிறுத்தம், மறுபடி ஆரம்பிக்கத் தாமதம். மூன்று நாள் சராசரி 900 மில்லிதான். தொடை என் கை பருமனுக்கு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும் தசையும் அப்படித்தானே கரையும்?

"அப்போ ரெண்டு மடங்கா குடுக்கச் சொல்லுடா" என்றார் அப்பா. டாக்டர் மறுத்தார். அளவுக்கு மீறினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அதை வெளியேற்ற இன்னும் அதிகமாக மூச்சு விடவேண்டும், மெஷினை எடுப்பது தள்ளிப்போகும். 2018-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வென்டிலேட்டரில் இருந்த சுமார் 4000 பேரிடம் நடந்த ஆய்விலும், கலோரியைக் கூட்டியதால் கூடுதலாக யாரும் பிழைக்கவில்லையாம்.

நோட்டைக் காட்டினேன். இப்போது மணிக் கணக்கை விட்டு நாள் கணக்கு பார்க்கிறார்கள். நின்ற நேரத்துக்குரியதை, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி அன்றைக்கே ஈடுகட்டுகிறார் சிஸ்டர்.

நேற்று 1380. தாத்தா இன்னும் மெஷினில்தான் இருக்கிறார்.