கயிறும் கையும்

பொருள் கொடுத்து விலங்கினை வாங்கலாம். அதனைப் பழக்கும் அறிவினை அவ்வாறு வாங்குதல் அரிது. இவ்வுண்மையைப் பாண்டிநாட்டுக் கடற்கரை எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே பெருவிலை கொடுத்துக் கண்டது. இன்றும் அஃது எம் இராமநாதபுரச் சாலைகளிற் கண்முன் நிகழ்ந்து வருகின்றது. ஆதலின், யாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை பயின்றார் யாவரும் அறிவர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளோடு புறப்பட்ட மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் அப்பொருளைத் திருப்பணிக்கு ஈந்த வரலாறும் நாடறிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளினின்று வணிகர் குதிரை கொணர்ந்ததையும், மன்னன் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதையும், ஆண்டிறுதியில் அவற்றுள் 100 கூட எஞ்சாமையையும் எழுதி வைத்துள்ளார். ஒரு குதிரைக்கு 220 பொற்காசு விலை என்பது பாரசீக வரலாற்றாசிரியர் வசாபின் கூற்று. இத்துணை விலை பெற்றவை மாண்டது எதனால்? பேணும் முறை அறிந்தார் ஈண்டு இன்மையால் என்பது மார்க்கோ போலோவின் விடை. குதிரை மருத்துவம் வல்லார் இந்நாட்டிற்கு வாராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறுவர். பழைய குதிரை மாண்டாலன்றோ புதிய குதிரை விலைபோகும்!

நிற்க. அக்குதிரைகள் இன்று இல்லை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் ஊரெல்லைகளில், புரவி எடுப்பு விழாவின்போது ஐயனார்க்குப் படைக்கப்பெற்ற மண்குதிரைகளே நிற்கின்றன. இன்று கயிற்றுக்கு அடங்கி ஓடுவது குதிரையன்று, காளை.

எம் பகுதியில் மாட்டுவண்டிப் பந்தயம் இன்றித் திருவிழாச் சிறப்பதில்லை. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என இணைகளைத் தரம் பிரிப்பர். கொங்குநாட்டு ரேக்ளாவில் 200 அல்லது 300 மீட்டர்த் தொலைவைக் கடிகாரம் வைத்து அளப்பர். எம் நாட்டிலோ தார்ச்சாலையிற் போய்வரப் பல மைல் ஓடவேண்டும். ஏனைய யாவற்றையும் கிலோமீட்டரில் அளக்கும் இக்காலத்தும் பந்தயத்திற்கு மட்டும் மைல்கணக்கு நீங்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் இருவர் உளர். ஏறியமர்ந்து கயிறு பிடிப்பவர் சாரதி. உடன் ஓடி மாட்டினை ஊக்குபவர் துணைச்சாரதி. எல்லையில் வண்டியைத் திருப்பும் இடமே அவர்தம் திறமைக்கு உரைகல். உட்புறத்து மாடு அடங்கி நிற்க, வெளிப்புறத்து மாடு எட்டி நடை வைத்தல் வேண்டும். இதனைச் சாட்டை செய்யாது; கயிறே செய்யும்.

எம் தாய்மாமன் திருவாடானைப் பக்கத்து உழவர். தம் மாடுகளையும் பிறர் மாடுகளையும் நாற்பது ஆண்டுகளாகப் பழக்கி வருபவர். இளங்காளையை அவர் உடனே ஓடவிடார். மூக்கணாங்கயிறு குத்திய புண் முதலில் நன்கு ஆறவேண்டும். பின்னர் ஆளோடு நடை. அதன்பின் பழகிய மாட்டோடு நுகத்தடியிற் பூட்டி வெறுவண்டி இழுத்தல். அதன்பின் மணலில் நடை, கண்மாயில் நீச்சல். நீச்சல் குளம்பினை வருத்தாது மூச்சினை வளர்க்கும் என்பர். தீனி பருத்திக்கொட்டையும் உளுந்தும். “மூத்த மாடு சொல்லிக் கொடுப்பதை என்னால் சொல்லிக் கொடுக்க முடியாது” என்பது அவர் அடிக்கடி கூறும் மொழி.

2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் ஏறுதழுவலோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. யாம் அப்பொழுது சிறுபருவத்தேம். மாமன் ஓரிணைக் காளைகளைச் சந்தையில் விற்றுவந்தார். மாட்டை விற்பார் கயிற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் எம் ஊர் வழக்கம். அவ்விரு கயிறுகளையும் மடியிலிட்டு அவர் இரவெல்லாம் திண்ணையில் அமர்ந்திருந்தார். வாங்கினவர் உழுவாரோ அறுப்பாரோ என அவரும் கூறவில்லை. வீட்டார் எவரும் வினவவும் இல்லை. ஆயினும், அத்தீர்ப்புச் சுட்டிய கொடுமைகள் பொய்யல்ல. வாலை முறுக்குவாரும் ஆணி பதித்த கோலாற் குத்துவாரும் இருந்தனர். “அடித்து ஓட்டியவன்தான் நமக்குத் தடை வாங்கிக் கொடுத்தான்” என மாமனே கூறுவர்.

2017-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியபின் வண்டிகள் மீண்டும் ஓடலாயின. 2023 மே 18-இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்த்தது. அதன்பின்னர் ஒருநாள், வளைகுடா நாட்டினின்று மீண்ட இளைஞர் ஒருவர் தாம் வாங்கிய இணையோடு மாமனிடம் வந்தார். முன்னாளில் அரபுக் கரையினின்று குதிரை வர, இந்நாட்டுப் பொன் அங்குச் சென்றது. இந்நாளில் அக்கரையில் வெயிலில் ஈட்டிய பொருள் இங்கு வந்து காளையாகின்றது. அவ்விளைஞர் கொடுத்த விலையிற் பாதி அவர்தம் சேமிப்பு. மீதி அவர் தமக்கையின் நகையை அடகு வைத்துப் பெற்றது.

அவர் வன்கையர். முதல் நாளே கயிற்றை வெட்டி இழுத்ததில் இடத்து மாட்டின் மூக்கிற் குருதி கசிந்தது. மாமன் வைது பேசினாரல்லர். கயிற்றை வாங்கிக்கொண்டு, “தம்பி, ஒரு மாதத்துக்கு நீ மாட்டோடு நட. கயிறு பிடிக்க வேண்டாம்” என்றார். இளைஞர் தவிடு கலக்கினார். கண்மாயில் உடன் நீந்தினார். இரவில் தொழுவத்தின் அருகே படுத்தார். ஒரு திங்கள் கழிந்தபின் மாமன் மூக்கணாங்கயிற்றிற்கும் பிடிகயிற்றிற்கும் இடையே தையல் நூலொன்றைக் கட்டினார். நூல் அறாமல் வண்டியைத் திருப்புதல் வேண்டும் என்பதே பாடம். முதல் நாள் நூல் எத்தனை முறை அறுந்தது என்பதை எண்ணுதற்கு எம்மை அமர்த்தினர். இருபதின்மேல் யாம் எண்ணுவதை விடுத்தோம். மூன்றாம் வாரத்தில் ஒருநாட்காலை நூல் அறவில்லை. அன்றுதான் இளைஞர் கயிற்றை இழுக்காமல், விரலை மட்டும் மடக்கி, மாடு திரும்பும்வரை பொறுத்திருந்தார்.

இம்முறை எம் நாட்டிற்கே உரியதன்று. கலிபோர்னியாவில் மாடு மேய்த்த வக்கேரோ என்னும் குதிரைவீரர், இளங்குதிரையின் வாயில் இரும்பினை உடனே இடுவதில்லை. முதலில் மூக்கின்மேற் படியும் பின்னற் பட்டையாற் பழக்குவர். பின்னர் அதனையும் கடிவாளத்தையும் ஒருங்கே பூட்டி இரட்டைக் கயிற்றால் நடத்துவர். இறுதியிலேதான் கடிவாளத்தைத் தனித்து இடுவர். இதற்கு ஆண்டுகள் பல செல்லும். அம்மரபினைப் பேண 1949-இல் அங்கு ஒரு சங்கம் தோன்றிற்று. அதன் போட்டிகளில், குதிரை தனியொரு மாட்டினை வேலியோரமாக மடக்கி இருபுறமும் திருப்பிக் காட்டவேண்டும். குதிரையைப் பழக்கும் ஆசானே, ஆர்வத்தால் மட்டும் ஏறிப் பயில வரும் உடையவரையும் பழக்குவர். அவ்வாசானும் எம் மாமனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும், விலங்கினை விட ஆளைப் பழக்குதலே கடினம் என்பதில் இருவரும் உடன்படுவர் என்பது எம் துணிபு.

அடுத்த வைகாசியில் எம்மூர்க்கு அணித்தாய ஓரூரில் அவ்விளைஞர் முதன்முறை பந்தயத்தில் இறங்கினார். எல்லையில் வண்டியை அழகுறத் திருப்பி, மீள்வழியில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவிடத்திற்கு ஒரு மைலே இருந்தது. மூன்றாம் பரிசு கிடைப்பின் நகையிற் பாதியேனும் மீளும். அப்போது வலத்து மாட்டின் நடை சிறிது மாறிற்று. சாலையோரத்து மக்கள் அதனைக் கண்டிலர். உடன் ஓடிய துணைச்சாரதியும் கண்டிலர். கயிற்றின் வழியே கையே கண்டது. இளைஞர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். கூட்டம் கூவி நகைத்தது. பின்வந்த வண்டிகள் கடந்து சென்றன.

மாமன் ஓடிச்சென்று குளம்பினைத் தூக்கிப் பார்த்தார். லாடம் நெகிழ்ந்து, ஆணியொன்று பசுந்தசையில் ஏறியிருந்தது. எஞ்சிய மைலை ஓடியிருப்பின் அக்கால் மீண்டிராது. மாமன் ஆணியைப் பறித்துவிட்டு, “தம்பி, இனி உனக்கு நூல் வேண்டாம்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நகை இன்னும் அடகிலேயே உள்ளது. தமக்கையார் தம்பியோடு ஒருவாரம் பேசவில்லை. ஆயினும், அவ்வாரம் முழுதும் நொண்டும் மாட்டிற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் இட்டவர் அவரே.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் நம் நாட்டில் உள்ளது. அது வேண்டற்பாலதே. எனினும், சட்டம் சாலையோரத்தில் நிற்பது. கயிறு கையில் இருப்பது. ஒரு மைல் தொலைவில், பரிசு கண்முன் நிற்க, எவரும் அறியாத ஒரு நோவினை உணர்ந்து நிறுத்துதல் கற்ற கைக்கே கூடும். அக்கையினை ஆக்குவார் எம் ஊர்ப்புறங்களில் இன்று முதியோராய், எழுத்தறியாராய், எண்ணிக்கையிற் குறைந்து வருகின்றனர். பொற்காசு கொட்டிய பாண்டியர்க்குக் கிட்டாத அறிவு, அம்முதியோர்பால் விலையின்றிக் கிடக்கின்றது. மாட்டின் நடைக்கும் கயிற்றின் பிடிக்கும் எம் மாமன் வழங்கும் சொற்களை, இவ்விடுமுறையில் யாம் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளோம். ஊர்ப்புறத்தினின்று வந்து பயிலும் நண்பர்களும் தத்தம் இல்லத்து முதியோர்பால் சென்று அமர்ந்து, அவர் கையறிவினைச் சொல்லாக்கி வைப்பாராக.