இலையை முந்த வேண்டும்

பறித்ததும் இலை செத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு லிப்பிட் வேலை சரிப்படாது. நசுங்கிய இலையில் பாஸ்போலிப்பேஸ் டி என்சைம் சவ்வுகளை உடைத்துப் பாஸ்பாட்டிடிக் அமிலமாக்கிவிடும். வண்டலூரில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகள் சிலிக்கா தட்டில் அந்த அமிலத்தின் புள்ளி பெரிதாகத் தெரிந்தால் புதிதாக எதையோ கண்டுவிட்டதாக ஓடிவருவார்கள். கை தாமதித்தது, அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சார், தண்ணீர்த் தொட்டியில் ஐசோப்ரோப்பனால் 75 டிகிரியைத் தொட்ட பிறகே செடியிடம் போவார். பறித்த இலை நேரே அதற்குள் போகும், கால் மணி நேரம் கிடக்கும். அப்புறம்தான் குளோரோபார்ம், மெத்தனால். 1959இல் பிளையும் டயரும் மீன் தசைக்காக எழுதிய முறைதான் அது, இலைக்கும் வளைந்துகொடுக்கிறது. அடுக்கு பிரிந்ததும், கீழே நிற்கும் குளோரோபார்மை எடுக்கக் கண்ணாடிப் பிப்பெட்டின் ரப்பரை லேசாக அழுத்திக் குமிழ் விட்டபடியே மேலடுக்கைக் கடப்பார். மேல்நீர் ஒரு சொட்டுகூட உள்ளே வராது. பிளாஸ்டிக் முனையைத் தொடவிட மாட்டார். குளோரோபார்மில் பிளாஸ்டிக்கின் சரக்கும் கரைந்து வரும்.

சிலிக்கா தட்டில் அசிட்டோன், டொலுவீன், தண்ணீர் 91:30:8 ஓடினால் எம்ஜிடிஜி (மோனோகேலக்டோசில் டைஅசைல்கிளிசரால்) மேலே, டிஜிடிஜி (டைகேலக்டோசில் டைஅசைல்கிளிசரால்) கீழே நிற்கும். அயோடின் ஆவி காட்டிக்கொடுக்கும். பசுங்கணிகத்தின் உள்சவ்வில் பாதிக்குமேல் இந்தச் சர்க்கரை லிப்பிடுகள்தான். கொழுப்பமிலம் பசுங்கணிகத்திலேயே பிறக்கிறது. ஆனால் ஒரு பகுதி எண்டோபிளாச வலைக்குப் போய்க் கோர்க்கப்பட்டுத் திரும்பிவருகிறது. உறைச்சவ்வில்தான் அதற்கு கேலக்டோஸ் ஏறுகிறது. பட்டாணி இலையின் எம்ஜிடிஜி பெரும்பாலும் இப்படித் திரும்பிவந்த கோர்ப்பு. ஸ்பினாச்சில் உள்ளேயே கோர்த்ததும் நிறைய உண்டு. அதன் அடையாளம் 16:3 (16 கார்பன், 3 இரட்டைப் பிணைப்பு) கொழுப்பமிலம், பட்டாணியில் அது ஏறக்குறைய இல்லை. இரண்டு இலைகளின் எம்ஜிடிஜியையும் சுரண்டி, மெத்தில் எஸ்டராக்கி, கேஸ் குரோமட்டோகிராபில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நம் சந்தையில் பாலக் என்று விற்பது பெரும்பாலும் பீட்ரூட் இனக் கீரை. ஸ்பினாச் வேண்டுமென்றால் விதை வாங்கித் தொட்டியில் போடுங்கள், அதுவும் குளிர்மாதத்தில். இங்கே ஏப்ரல் வெயிலில் அது பூத்துப்போகும்.

ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடிப் பாட்டில், டெஃப்லான் மூடியோடு வாருங்கள். காய்ந்த லிப்பிடை நைட்ரஜன் இல்லாமல் வைக்காதீர்கள்.