மலைக்கு எங்கே பட்டா?

ஒரு துண்டு நிலத்துக்கு உரியவர் யார் என்று வினவினால், கோப்புகளோடு வாழும் நம் போன்ற எழுத்தர்கள் உடனே திருப்பிக் கேட்பது, ‘ஆவணம் உண்டா?’ என்பதே. ஊரில் நம் தந்தையார் விட்டுச் சென்ற முக்கால் ஏக்கருக்கே பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எனத் தகரப்பெட்டி நிறையக் காகிதங்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றும் இன்றித் தலைமுறை தலைமுறையாக ஒரு மலையில் வாழ்ந்தோர்க்கு அம்மலை உரியதாகாதா?

இதற்கு நாடாளுமன்றம் 2006-இல் விடை கூறியது. வன உரிமைச் சட்டம் எனச் சுருக்கமாக வழங்கும் அச்சட்டம், காடுவாழ் மக்களுக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் பயிரிட்டுவரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை அவர்க்கு உரிமை உண்டு. மணமானவராயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாகும். மக்களுக்கு வழிவழியே சேரும், விற்க இயலாது. நம்மை வியப்பில் ஆழ்த்தியது 2008-ஆம் ஆண்டு விதிகளுள் 13-ஆவது. மூத்தோர் வாய்மொழியை எழுத்தில் வடித்தால் அது சான்று. முன்னோரின் இடுகாடும், தெய்வம் உறையும் இடமும், பழங்கிணறும் சான்று!

ஒடிசாவின் நியம்கிரி மலையில் இச்சட்டத்தின் வலிமையை நாடு கண்டது. அங்கு வாழும் டோங்ரியா கோந்தர் பேசும் குவி, நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. மலையை ஆள்பவன் நியமராஜன் என்பது அவர்தம் நம்பிக்கை. அம்மலையின் பாக்சைட்டை வெட்டியெடுக்கும் திட்டம் எழுந்தபோது வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 18-ஆம் நாள், கிராமசபைகளே இதனை ஆராய வேண்டும் என்று மன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே 12 சிற்றூர்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.

எனினும் எல்லா மலைகளுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. 2019 பிப்ரவரி 13-ஆம் நாள், மனு தள்ளுபடியானோரை வெளியேற்ற உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 28-ஆம் நாள் அதனைத் தானே நிறுத்தி வைத்தது. அப்பதினைந்து நாள்களும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் எவ்வாறு உறங்கியிருக்கும்?

கிராமசபையில் தொடங்கும் மனு, உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு எனப் படியேறுகிறது. அப்படிகளில் நம் போன்ற எழுத்தர் ஒருவரின் மேசையும் உண்டு. ‘ஆவணம் இல்லை’ என்று குறிப்பெழுத அரை நிமிடம் போதும். அதனை எழுதுமுன் 13-ஆம் விதியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள் என்பதே, ஒத்த தொழிலினர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள்.