மூடிக்குள் நுழையும் வெளிச்சம்



ஓரியன் நெபுலாவிலிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அந்த மெல்லிய ஒளியைப் படம்பிடிக்க விரும்புகிறவர் வானத்தைப் படமெடுத்தால் மட்டும் போதாது. இருளையும் படமெடுக்க வேண்டும். மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு இரவுகளைக் கழிக்கும் பழக்கமுள்ள எனக்கு, இந்தக் கலை கற்றுத்தந்தவற்றுள் மிகவும் பிடித்தது இதுவே.

கேமராவின் சென்சார் முழு இருளிலும் சும்மா இருப்பதில்லை. தன் வெப்பத்தினாலேயே அது பொய்யான குறிகளை உண்டாக்குகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் அது இருமடங்காகிறது. ஆகவே தொலைநோக்கியை மூடிவிட்டு, வானத்தைப் படமெடுத்த அதே வெப்பநிலையில், அதே கால அளவில் பல படங்களை எடுக்கிறோம். இவையே டார்க் ஃபிரேம்கள். இவற்றின் சராசரியை வானப் படத்திலிருந்து கழித்தால், சென்சாரின் குறை நீங்கி வானம் எஞ்சும்.

ஆனால் மூடி போட்டதினாலே இருள் உண்டாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் மூடிகளில் சில, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதில்லை. நியூட்டோனியன் தொலைநோக்கியில் கண்ணாடியின் பின்புறம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஃபோகஸரின் இடுக்கு, ஃபில்டர் வீலின் இணைப்பு, எஸ்எல்ஆர் கேமராவில் நாம் கண்வைத்துப் பார்க்கும் துளை ஆகிய எல்லாமே வாசல்கள்தாம். 5 நிமிடம் திறந்திருக்கும் சென்சாருக்கு நூலளவு வெளிச்சமும் போதும்.

இதன் விளைவு என்ன? இல்லாத வெளிச்சத்தை வானத்திலிருந்து கழித்துவிடுகிறோம். நெபுலாவின் மங்கலான ஓரங்கள் அழிகின்றன. கரும்புள்ளிகளும் திட்டுகளும் தோன்றுகின்றன. நாமோ வானத்தையும், தெருவிளக்கையும், மென்பொருளையும் குறைகூறுகிறோம். அளவுகோலே கோணலானது என்று நினைப்பதில்லை.

சோதித்தறிவது எளிது. அறையில் விளக்கை எரியவிட்டு ஒரு டார்க் ஃபிரேம் எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கேமராவைக் கறுப்புத் துணியால் சுற்றி, மற்றவற்றை மாற்றாமல் இன்னொன்று எடுங்கள். இரண்டின் சராசரி மதிப்பும் வேறுபட்டால் வெளிச்சம் நுழைகிறது. டார்ச் விளக்கை ஒவ்வொரு இணைப்பின்மேலும் காட்டினால் வழி தெரிந்துவிடும். உலோக மூடியும் அலுமினியத் தாளும் அதை அடைக்கும்.

இங்கே ஒரு பகுத்தறிதல் தேவை. சில சென்சார்களில் ஓரத்திலோ மூலையிலோ ஓர் ஒளிர்வு காணப்படும். வெளி விளக்கை மாற்றினாலும் அது மாறாது. அது வெளியிலிருந்து நுழைந்ததல்ல. சென்சாரின் மின்சுற்றிலேயே பிறப்பது. அதை அடைக்க முயலவேண்டாம்; சரியான டார்க் ஃபிரேமே அதை நீக்கிவிடும். உள்ளிருந்து வருவதற்கு ஒரு வழி, வெளியிலிருந்து வருவதற்கு வேறு வழி. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர் வீணாய்ப் பிரயாசப்படுகிறார்.

பிரியமானவர்களே, ஒருமுறை எடுத்த டார்க் ஃபிரேம்களைப் பல மாதங்கள் பயன்படுத்துவது வழக்கம். எனவே ஒரு பிழை பல நல்ல இரவுகளைக் கெடுக்கும். ஆயினும் மனந்தளர வேண்டாம். கெட்டது கணக்குத்தான், மூலப் படங்களை நீங்கள் அழிக்காதவரை அந்த இரவுகள் அப்படியே இருக்கின்றன. உண்மையான இருளில் மீண்டும் அளந்து, மீண்டும் கழித்துப் பாருங்கள். தொலைந்துபோனதாக நினைத்த ஒளி திரும்பி வரும்.